கம்ப்யூட்டருக்குள் போன தாய்மாமன்

ஏழாங்கல் என்கிற ஊரில் ஒரு வரன் தகவல் நிலையம் இருந்தது. அங்கே நாலு பேர் வேலை பார்த்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மூளைதான் என்றும், அதை ஒருவர் எடுத்து வைத்திருக்கும்போது மற்ற மூன்று பேர் காத்திருப்பார்கள் என்றும் ஊரில் பேச்சு. ஊர்வாய் அப்படித்தான் பேசும். உண்மையில் அந்த நாலு பேருக்கும் மூளையை அவசரப்பட்டு எடுக்கிற பழக்கமே கிடையாது.

மேனேஜர் பெயர் சிவனணைஞ்சான். எதையும் நன்றாக யோசித்துத்தான் செய்வார். யோசித்து முடிக்கும்போது மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். மாப்பிள்ளைகளின் விவரத்தைப் பார்ப்பவர் கொண்டல்சாமி. பெண்களின் விவரத்தைப் பார்ப்பவள் சீனித்தாய். இரண்டையும் பொருத்திப் பார்த்துத் தாளில் அடித்துக் கொடுப்பவன் செந்தட்டி. அவனுக்கு வயது முப்பத்தேழு. பதினோரு வருஷமாக ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஜோடி சேர்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஒரே ஓர் ஆளுக்கு உப்புமா கிண்டுகிறவன். இது அவன் கல்யாணக் கதை.

முதலில் அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். அதில் ஒரு கோப்பு. ஆளுக்கொரு பக்கம் என்று ஆணும் பெண்ணுமாக இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் அந்தக் கோப்புக்குள் இருந்தார்கள். நாலு பேரும் அதன் முன்னால் வரிசையில் நின்று வேலை பார்த்தார்கள். இது சரிப்படாது என்று டவுனிலிருந்து ஜெபராஜ் என்கிற கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தார்கள். அவர் இன்னும் மூன்று கம்ப்யூட்டர்களை வைத்து, நாலையும் நீல நிற வயரால் இணைத்தார்.

"கோப்பு ஒரே இடத்துலதான் இருக்கும், மேனேஜர் சாரோட பெரிய கம்ப்யூட்டர்ல. நீங்க நாலு பேரும் அவங்கவங்க நாற்காலியில இருந்தபடியே அதைத் திறக்கலாம். ஆளுக்கொரு நகல் எடுத்து வச்சிக்காதீங்க. எல்லாருக்கும் பொதுவா அது ஒண்ணுதான். புரிஞ்சுதா?" என்றார் ஜெபராஜ்.

"புரிஞ்சுது" என்றார்கள் நாலு பேரும். புரியவில்லை என்று அவர்கள் வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

ஜெபராஜ் போனதும் மேனேஜர் யோசனையில் ஆழ்ந்தார். "பொதுவா இருக்கணும்னு சொல்லிட்டுப் போறாரு. ஆனா பெரிய கம்ப்யூட்டரு என் மேசையில இருக்கு. என் மேசையிலருந்து சீனித்தாய்க்கு ஆறடி, கொண்டலுக்குப் பதினோரு அடி. இது எப்படிவே பொதுவாகும்?"

கொண்டல்சாமி தேங்காய்நார்க் கயிறு ஒன்றைக் கொண்டு வந்தார். அளந்தார்கள். நாலு நாற்காலிக்கும் சமதூரமான இடம் வாசல் நிலைக்கு நேராக விழுந்தது. மேசையையும் பெரிய கம்ப்யூட்டரையும் தூக்கி வாசலில் போட்டார்கள். அன்றிலிருந்து வரன் தேடி வருகிறவர்கள் ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைய வேண்டியிருந்தது. பருமனான பெற்றோர்கள் ஜன்னல் வழியாக ஜாதகத்தை நீட்டினார்கள்.

இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள் சீனித்தாய் வயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். நான் ஒரு பொண்ணோட பக்கத்தைத் திறந்தா, அந்தப் பிள்ள இந்த வயர் வழியாத்தானே என் மேசைக்கு வருது?"

"ஆமா."

"அதே நேரம் கொண்டலண்ணன் ஒரு மாப்பிள்ளையைத் திறந்தா?"

"அவனும் அதே வயர்தான்."

"அப்போ கல்யாணத்துக்கு முந்தி, இம்புட்டு ஒடுக்கமான வயருக்குள்ள, வயசுப் பிள்ளையளும் வயசுப் பயலுவளும் ஒரசிக்கிட்டு வாரது நல்லாவா இருக்கு?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கொண்டல்சாமி தலையைக் குனிந்துகொண்டார். நம்பிப் போட்டோ கொடுத்துவிட்டுப் போன பெற்றோர்களின் முகம் ஒவ்வொன்றாக எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

காலையில் ஆண்களை மட்டும் திறப்பது, மதியத்துக்கு மேல் பெண்களை மட்டும் திறப்பது என்று முடிவானது. இதில் மாட்டிக்கொண்டவன் செந்தட்டிதான். அவன் வேலை இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்தம் பார்ப்பது. காலையில் பார்த்த மாப்பிள்ளையின் நட்சத்திரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனுக்கு மறந்துபோனது. ஒரு வாரத்தில் ஒரு ஜோடிகூடச் சேரவில்லை.

"பெரியவ ஒருத்தி துணைக்கு இருந்தா என்ன?" என்று கேட்டான் செந்தட்டி.

அருமையான யோசனை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சீனித்தாய் எழுபத்தோரு வயதான தன் மாமியாருக்கு ஒரு பக்கம் போட்டு, போட்டோவும் ஒட்டி, கோப்புக்குள் அனுப்பி வைத்தாள். தினமும் காலையில் முதல் வேலையாக மாமியார் பக்கத்தைத் திறந்துவிட்டுத்தான் மற்றவர்களைத் திறந்தார்கள். முதல் வாரத்திலேயே மாமியாரைக் கேட்டு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒருவர் ஓய்வுபெற்ற ஏட்டு. சீனித்தாய் கோபத்தோடு அதை வீட்டில் சொன்னபோது, மாமியார் ஏட்டுக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டாளாம்.

இந்தச் சமயத்தில்தான் செந்தட்டிக்கு ஒரு வரன் அமைந்தது.

ஒத்தப்பனையைச் சேர்ந்த பேச்சித்தங்கம். அங்கன்வாடியில் டீச்சர். வயது முப்பத்திநாலு. போட்டோவில் அவள் சிரிக்கவில்லை. போட்டோக்காரர் இன்னும் ஒரு நொடி பொறுத்திருந்தால் சிரித்திருப்பாள் போல இருந்தது. செந்தட்டி பொருத்தம் பார்த்தான். பத்துக்கு ஒன்பது வந்தது. ஐந்து தடவை திரும்பப் பார்த்தான், ஐந்து தடவையும் ஒன்பதுதான். அன்றிலிருந்து அவளுடைய பக்கத்தைத் திறப்பதற்கு முன்னால் வயரை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு வந்தான். வருகிற வழியில் தூசி பட்டுவிடக்கூடாது என்றான். அவனுக்கு அவளை அவ்வளவு பிடித்துவிட்டது.

பேச்சித்தங்கத்துக்கு அப்பா இல்லை. தாய்மாமன் மந்திரமூர்த்தி வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். அவரிடமிருந்து கடிதம் வந்தது: 'வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வருகிறேன். பையனுடைய விவரத்தை நிலையத்து முத்திரையோடு தாளில் தர வேண்டும். பிடித்திருந்தால் அன்றே பேசி முடித்துவிடலாம். அன்று ஆகாவிட்டால் சங்கரன்கோவில் பக்கம் வேறு இடம் பார்த்து வைத்திருக்கிறோம்.'

செந்தட்டி அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தான். ஒரே ஒரு தாள்தான். அதில் அவன் பக்கத்தை அடித்து முத்திரை குத்திவிட்டால் போதும்.

ஆனால் அவன் பேரில் அலுவலகத்தில் எல்லாருக்கும் பிரியம் அதிகம். அதுதான் வினையாகப் போயிற்று.

செந்தட்டியின் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். மேனேஜர் ரகசியமாக அவன் பக்கத்தைத் திறந்து, பாவம் பயல் என்று நாலு அங்குலம் கூட்டி வைத்தார். கொண்டல்சாமி தன் இடத்திலிருந்து ரகசியமாகத் திறந்து நாலு அங்குலம் கூட்டினார். சீனித்தாயும் அதே மாதிரி நாலு. கடைசியில் செந்தட்டி தானே வெட்கப்பட்டுக்கொண்டு ஓர் அங்குலம் கூட்டப் போனான். கூட்டி முடித்துப் பார்த்தால் ஆறடி நாலு அங்குலம் என்று இருந்தது. அவன் பயந்துபோய் பீரோ பக்கத்தில் நின்று தலையைத் தொட்டுப் பார்த்தான்.

கூட்டம் போட்டார்கள்.

"ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, பக்கத்தை மாத்தணும். இல்லன்னா செந்தட்டியை மாத்தணும்" என்றார் மேனேஜர்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு அடிக்கு மேல வளருதது கஷ்டம் அண்ணாச்சி" என்றான் செந்தட்டி.

"முயற்சியே பண்ணாம சொல்லாதே" என்றார் கொண்டல்சாமி.

பக்கத்தை மாற்றுவது என்றே தீர்மானமாயிற்று. செந்தட்டி போய் ஐந்தடி மூன்று அங்குலம் என்று சரியாகப் போட்டான். ஆனால் மற்ற மூன்று பேருக்கும் மனசு உறுத்தியது. தான் செய்த தப்பைத் தானே திருத்துவதுதான் முறை என்று ஒவ்வொருவரும் அவரவர் நாற்காலியிலிருந்து, அடுத்தவருக்குத் தெரியாமல், நாலு நாலு அங்குலம் குறைத்தார்கள். புதன்கிழமை காலையில் செந்தட்டி நாலடி மூன்று அங்குலமாக இருந்தான்.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. மேனேஜர் ஜெபராஜுக்கு போன் போட்டார்.

"ஒரே பக்கத்துல ஒரே நேரத்துல எல்லாரும் கை வச்சா இப்படித்தான் சார் ஆகும். ஒரு பக்கத்துல ஒருத்தர் இருந்தா மத்தவங்க காத்திருக்கணும். யார் உள்ள இருக்காங்கன்னு தெரியற மாதிரி நான் ஒரு ஏற்பாடு பண்ணித் தாறேன்" என்றார் ஜெபராஜ்.

அன்று மதியமே வந்து அதைச் செய்தும் கொடுத்தார். ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும்போது இன்னொருவர் அதைத் திறந்தால் திரையில் இப்படி எழுத்து வரும்: 'இந்தப் பக்கத்தில் வேறொருவர் இருக்கிறார். அவர் வெளியே வந்ததும் திறக்கலாம்.'

ஜெபராஜ் பஸ் ஏறியதும் மேனேஜர் சொன்னார்: "திரையில எழுதியிருக்கதை மட்டும் வச்சு எப்படி நம்புறது? நாமளே அதுல என்னென்னவோ எழுதியிருக்கோம். கண்ணுக்குத் தெரியுத சாட்சி ஒண்ணு வேணும். ஒரு வீட்டுக்குள்ள ஆள் இருக்குன்னு வெளிய நிக்கவனுக்கு எப்படித் தெரியுது?"

"வாசல்ல செருப்பு கெடக்கும்" என்றாள் சீனித்தாய்.

ஆக, ஏழாங்கல் வரன் தகவல் நிலையத்தில் செருப்புச் சட்டம் வந்தது. ஒரு பக்கத்தைத் திறக்கப் போகிறவர் வாசலில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரின் காலடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு தன் நாற்காலிக்குப் போய் வேலை பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் வந்து செருப்பை மாட்டிக்கொண்டால் அவர் வெளியே வந்துவிட்டதாக அர்த்தம். கொண்டல்சாமிக்குச் செருப்புப் போடும் பழக்கமே இல்லை. அவர் மனைவியின் ரோஸ் கலர்ப் பூச்செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். குதிகால் ஒரு விரல்கடை வெளியே நின்றாலும் சட்டத்தை அவர் மீறவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, மேனேஜர் முறைப்படி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பெரிய கம்ப்யூட்டரில் செந்தட்டியின் பக்கத்தைத் திறந்தார். ஐந்தடி மூன்று அங்குலம் என்று திருத்தினார். அழகு பார்த்தார். தூசி விழாமல் இருக்கத் திரையின்மேல் துண்டைப் போர்த்தினார். செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பக்கத்தை மூடவில்லை. செருப்பு காலில் ஏறிவிட்டதால் அவரைப் பொறுத்தவரை அவர் வெளியே வந்தாயிற்று.

வெள்ளிக்கிழமை விடிந்தது. செந்தட்டி இரண்டு தடவை குளித்தான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கே அலுவலகத்துக்கு வந்துவிட்டான்.

ஒன்பதரை மணிக்கு ஒருவர் வாசலில் ஒருக்களித்து நுழைந்தார். கனத்த மீசை. வெள்ளை வேட்டி. பெண் கொடுக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லாமல் வந்து பையனை ஓரமாக இருந்து கவனிப்பது நம் பக்கத்து வழக்கம்தானே. மந்திரமூர்த்தியும் அப்படித்தான் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வந்திருந்தார். மேசைக்காலடியில் செருப்பு விடுகிற இடம் மாதிரித் தெரிந்ததால், ஆணி அடித்த தன் பெரிய தோல் செருப்பை அங்கே விட்டுவிட்டு வந்தார். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"என்ன விஷயம் அண்ணாச்சி?" என்று கேட்டார் கொண்டல்சாமி.

"ஒரு வரன் விஷயம். அவசரமில்ல. நீங்க வேலையைப் பாருங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார் மந்திரமூர்த்தி.

செந்தட்டி தன் பக்கத்தை அடிப்பதற்காக எழுந்து, செருப்பைக் கழற்ற வாசலுக்குப் போனான். அங்கே ஏற்கெனவே ஒரு ஜோடி கிடந்தது. சந்தேகத்தோடு திரும்பி வந்து திரையில் தன் பெயரைத் தட்டினான். 'இந்தப் பக்கத்தில் வேறொருவர் இருக்கிறார்' என்று எழுத்து வந்தது.

"அண்ணாச்சி! உள்ள யாரோ இருக்காவ!"

"எல்லாரும் காலைக் காட்டுங்க" என்றார் மேனேஜர்.

நாலு பேரும் காலைத் தூக்கிக் காட்டினார்கள். எட்டுக் காலிலும் எட்டுச் செருப்பு இருந்தது. செருப்பில் பூ இருந்ததால் கொண்டல்சாமியின் காலை மட்டும் இரண்டாவது தடவையும் பரிசோதித்தார்கள்.

"அப்போ நம்மள்ல யாரும் உள்ள இல்ல. வெளியாள் எவனோ போயிருக்கான்" என்றார் மேனேஜர்.

"எவனாவது பொறுமையில்லாத மாப்பிள்ளையா இருக்கும். போட்டோவுல பாத்தது போதாம நேர்லயே பாக்கப் போயிட்டான்" என்றார் கொண்டல்சாமி.

"ஐயையோ, எங்க மாமியாரு உள்ள தனியா இருக்காவளே!" என்று சீனித்தாய் நெஞ்சில் கை வைத்தாள்.

"பொண்ணுவ பக்கத்துக்குப் போகாம என் பக்கத்துல எதுக்கு உக்காந்துருக்கான்?" என்று கேட்டான் செந்தட்டி.

மேனேஜர் யோசித்தார். "உனக்குப் போட்டியா வந்தவனா இருக்கும். நீ எப்படிப்பட்ட ஆளுன்னு உள்ள போயி பாக்கான்."

செந்தட்டி கடிகாரத்தைப் பார்த்தான். மணி பத்தேகால். தாய்மாமன் வருவதற்குள் அந்தப் பாவியை வெளியே கொண்டு வந்தாக வேண்டும். நாலு பேரும் பெரிய கம்ப்யூட்டர்ப் பெட்டியின் பின்பக்கம் குனிந்தார்கள். அங்கே காற்றுப் போகிற ஓட்டைகள் இருந்தன.

"ஏ தம்பி! யாருப்பா உள்ள? வெளிய வாப்பா! எங்க பயலுக்குக் கல்யாணக் காரியம்ப்பா!" என்று மேனேஜர் கத்தினார்.

கொண்டல்சாமி ஓட்டையில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். உஸ் என்ற சத்தத்தோடு வெதுவெதுப்பாகக் காற்று வந்தது.

"உயிரோடதான் இருக்கான். மூச்சு விடுதான்" என்றார்.

மறுபடியும் ஜெபராஜுக்கு போன் போட்டார்கள். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிற விஷயத்தை மேனேஜர் சொன்னார்.

"யாரோ திறந்து வச்சிட்டு மூடாம விட்டிருப்பாங்க சார். பெரிய கம்ப்யூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. உள்ள யார் இருந்தாலும் காலியாகிடும்" என்று சொல்லிவிட்டு ஜெபராஜ் வைத்துவிட்டார்.

மேனேஜர் போனைக் கையில் பிடித்தபடியே நின்றார். "கரண்டை நிறுத்தச் சொல்லுதாரு. நிறுத்தினா உள்ள இருக்கவன் காலியாம்."

ஜெபராஜைப் பற்றி அவர்கள் இதுவரை நல்ல விதமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றான் செந்தட்டி. "எனக்குக் கல்யாணமே ஆகாட்டாலும் பரவாயில்ல. ஒரு உசிரை எடுத்துட்டு நான் தாலி கட்ட மாட்டேன்."

சீனித்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொண்டல்சாமி ஓடிப்போய் ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். உள்ளே புழுங்கும் என்று மேனேஜர் டேபிள் ஃபேனைப் பெட்டிப் பக்கம் திருப்பி வைத்தார். சீனித்தாய் ஒரு வாழைப்பழத்தை உரித்து, வாசனையாவது போகட்டும் என்று ஓட்டைப் பக்கத்தில் வைத்தாள்.

இதையெல்லாம் பெஞ்சில் இருந்து மந்திரமூர்த்தி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். புதுச் சட்டை போட்ட பையனின் நல்ல மனசு அவருக்குப் பிடித்துப்போயிற்று. அவன்தான் செந்தட்டி என்பதும் பேச்சிலிருந்து தெரிந்துவிட்டது. இனி மறைந்து இருந்து பார்க்க ஒன்றுமில்லை என்று நினைத்தார்.

மணி பதினொன்று அடித்தது. செந்தட்டி ஜன்னலுக்கும் கம்ப்யூட்டருக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். "பொண்ணோட தாய்மாமன் வந்துருவாரு. தாள் ரெடியில்லன்னா சங்கரன்கோவிலுக்குப் போயிருவாரு" என்று புலம்பினான்.

மந்திரமூர்த்தி எழுந்து மீசையைத் தடவினார். "பதறாதீரும். நான்தான் அது. ஒத்தப்பனை மந்திரமூர்த்தி. ஒன்பதரைக்கே வந்துட்டேன்."

அலுவலகமே எழுந்து நின்றது. செந்தட்டி இரண்டு கையையும் கூப்பினான். அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உட்காருங்கள், காப்பி சாப்பிடுங்கள் என்று ஆளாளுக்கு உபசரித்தார்கள்.

"காப்பி அப்புறம் சாப்பிடலாம். வெளிய போயி வெத்திலை வாங்கிட்டு வந்துருதேன், உக்காந்து பேசுவோம்" என்று சொல்லி, அவர் வாசலுக்குப் போய் அந்தப் பெரிய தோல் செருப்பில் காலை நுழைக்கப் போனார்.

"நில்லுங்க!" என்றார் மேனேஜர். "இது உங்க செருப்பா?"

"ஆமா."

"அப்போ உள்ள இருக்கது நீங்கதான்."

மந்திரமூர்த்தி சிரித்தார். "நான் இங்கல்ல நிக்கேன்?"

"செருப்பு அங்கல்ல கெடக்கு?"

மந்திரமூர்த்தி செருப்பைப் பார்த்தார். தன் வெறுங்காலைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

மேனேஜர் பொறுமையாகக் கேட்டார்: "உங்க ஊர்ல ஒரு வீட்டு வாசல்ல உங்க செருப்பு கெடந்தா நீங்க எங்க இருப்பீய?"

"உள்ள."

"திரையில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. வேறொருவர் இருக்கிறார். நாங்க நாலு பேரும் இல்ல, காலைக் காட்டிட்டோம். செருப்பு ஒரு சாட்சி, திரை ஒரு சாட்சி. ரெண்டும் ஒரே மாதிரி சொல்லுது. மறுத்துச் சொல்லுதது நீங்க ஒருத்தர்தான்."

மந்திரமூர்த்தி இருபது வருஷமாக ஒத்தப்பனையில் பஞ்சாயத்துப் பேசுகிறவர். எவ்வளவு பெரிய வழக்காக இருந்தாலும் இரண்டு சாட்சிக்கு மேல் அவர் கேட்டதே இல்லை. தனக்கு என்று வந்தவுடன் முறையை மாற்றுவது நியாயமாக அவருக்குப் படவில்லை. பெஞ்சில் போய் மெல்ல உட்கார்ந்தார்.

"சரி, மந்திரமூர்த்தி உள்ளதான் இருக்காரு" என்று ஒத்துக்கொண்டார். பிறகு, "அப்போ நான் யாரு?" என்று கேட்டார்.

"அதை நாங்கல்ல உங்ககிட்ட கேக்கணும்?" என்றார் கொண்டல்சாமி.

"அவர்கூடத் துணைக்கு வந்தவிய போலருக்கு" என்றாள் சீனித்தாய்.

மந்திரமூர்த்தி யோசித்துப் பார்த்தார். "அப்படித்தான் இருக்கணும். ஒரே பஸ்ஸுலதான் வந்தோம். ஒரே சீட்டுதான்."

"செருப்பை வேணும்னா மாட்டிப் பாருங்களேன்" என்றான் செந்தட்டி, அவர் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல்.

"அடுத்தவர் செருப்பை எப்படிவே மாட்டுதது? அவர் வெளிய வரும்போது வெறுங்காலோட நிப்பாரா?" என்றார் மேனேஜர்.

"வேண்டாம், வேண்டாம். மந்திரமூர்த்தி செருப்பை யாரும் தொட்டா அவருக்கு ஆகாது" என்று மந்திரமூர்த்தியும் காலை இழுத்துக்கொண்டார்.

காப்பி வந்தது. பெஞ்சில் இருந்தவருக்கு ஒரு டம்ளர் கொடுத்தார்கள். உள்ளே இருப்பவருக்கு ஒரு டம்ளரை மூடி, பெட்டிமேல் வைத்தார்கள். செந்தட்டி வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"ஒன்றரை மணி நேரமா என் பக்கத்துலயே இருக்காரே, என்ன பண்ணுவாரு?"

"படிப்பாரு. எதையும் ஒரு வரி விடாம படிக்கிற ஆளு."

"என்னைப் பிடிச்சிருக்குமா அண்ணாச்சி?"

"பிடிக்கலன்னா இந்நேரம் வெளிய வந்து சத்தம் போட்டிருப்பாரு."

செந்தட்டி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா நல்லவரா தெரியுதீய. அவர் வெளிய வந்ததும் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவீயளா? எனக்கு அந்தப் பிள்ளைய ரொம்பப் பிடிச்சிருக்கு."

மந்திரமூர்த்திக்கு மனசு இளகிவிட்டது. கம்ப்யூட்டர்ப் பெட்டியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணுக்கும் கவலைப்படாதீரும் மாப்பிள்ளை. அவரு கொஞ்சம் முன்கோபக்காரரு. ஊர்ல யாரு பேச்சையும் கேக்க மாட்டாரு. ஆனா சின்ன வயசுலருந்து, நான் சொன்னா மட்டும் தட்டினதே இல்ல."